பழைய வெள்ளி நாணயம்: தேய்மானத்தைக் கணித்துத் தரம் பிரிப்பது எப்படி?

பழைய வெள்ளி நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் முதலில் பார்ப்பது, முகம் தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான். அடுத்து, பளிச்சென்று இருந்தால் நல்ல காசு, கறுத்திருந்தால் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறான கணிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன. கறுத்த காசு கொஞ்சமும் தேயாததாக இருக்கலாம். பளிச்சென்று வெளுத்த காசு போன வாரம் யாரோ தேய்த்துக் கழுவியதாக இருக்கலாம். முடியிழையே தெரியாத முகம் கொண்ட காசு ஒரு நாள்கூடப் புழக்கத்துக்குப் போகாததாகவும் இருக்கலாம்.

தரம் பார்ப்பது என்றால் நான்கு கேள்விகளை ஒன்றோடொன்று கலக்காமல் கேட்பது. அச்சு முழுமையாக விழுந்ததா? விழுந்த பிறகு உலோகம் எங்கே, எவ்வளவு தேய்ந்தது? அடியோ கீறலோ பட்டிருக்கிறதா? யாராவது அதைக் கழுவினார்களா, பற்றவைத்தார்களா, திருத்தினார்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைக்கும் இடம் வேறு. கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு கேள்வியின் பதில் இன்னொன்றைக் குழப்பாது.

மேசையும் விளக்கும்

விளக்குதான் முக்கியமான கருவி. உருப்பெருக்கிக் கண்ணாடி அதற்குப் பிறகுதான். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். 60 அல்லது 75 வாட் குண்டு பல்பு, ஹாலஜன், அல்லது ஒளி ஒரே புள்ளியிலிருந்து வரும் எல்.இ.டி, எதுவானாலும் சரி. குழல் விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் வேண்டாம். அவை எல்லாப் பக்கமிருந்தும் பரவலாக விழுவதால் மயிரிழைக் கீறல்களை மறைத்துவிடும். தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் உள்ள வித்தியாசமும் அந்த வெளிச்சத்தில் மங்கிப்போகும். விளக்குக்கும் நாணயத்துக்கும் இடையே ஓர் அடி முதல் ஒன்றரை அடி இருக்கட்டும்.

உருப்பெருக்கி 5 மடங்கு போதும். 7 மடங்கு வரை போகலாம். 10 மடங்கு கண்ணாடி, போலியா என்ற சந்தேகம் வரும்போது எடுப்பதற்கு. தரம் பார்க்க அதைப் பயன்படுத்தினால் நல்ல நாணயமும் குண்டும் குழியுமாகத் தெரியும். தேவைக்கு மேல் தரத்தைக் குறைத்துவிடுவீர்கள்.

இவற்றோடு 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பிளாஸ்டிக் வெர்னியர் காலிபர், ஒரு காந்தம், தடித்த மென்துணி ஆகியவையும் வேண்டும். இரும்பு காலிபர் நாணயத்தின் ஓரத்தில் கீறல் போடும், அதைத் தவிருங்கள். துணியை மேசையில் விரித்து, நாணயத்தை அதற்கு மேல் இரண்டு அங்குல உயரத்துக்குள்ளேயே பிடியுங்கள். நழுவினால் துணியில் விழும். கையைக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக் கூடாது. நாணயத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு பேசவும் வேண்டாம். தெறிக்கும் எச்சில் துளி அப்போது தெரியாது. நாளடைவில் புள்ளியாகக் கறுக்கும், பிறகு போகவே போகாது.

முதலில் எடை, பிறகுதான் அழகு

போலிக்குத் தரம் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த நாணயம் என்ன எடை, என்ன விட்டம் இருக்க வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு தராசில் வையுங்கள். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. 1940 முதல் 1945 வரை அச்சான ரூபாய்களில் வெள்ளி பாதிதான், ஆனால் எடை அதேதான். அமெரிக்காவின் மார்கன் டாலர் 26.73 கிராம், 90 சதவீதம். ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர் என்ற வெள்ளிக் காசு சுமார் 28.07 கிராம், 83.3 சதவீதம். இந்தத் தாலரில் பெரும்பாலும் 1780 என்றே இருக்கும்; அந்த ஆண்டு எண்ணோடு பல நாட்டு அச்சகங்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்ப அச்சடித்தன. ஆகவே ஆண்டைப் பார்த்து, இவ்வளவு பழசுக்கு இவ்வளவு தேய்மானம் சரிதான் என்று கணக்குப் போடாதீர்கள். 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயும் அடுத்த பல ஆண்டுகளுக்கு அதே ஆண்டோடு அச்சானதுதான்.

எடையையும் தேய்மானத்தையும் சேர்த்துப் படிக்கப் பழகுங்கள். நன்றாகத் தேய்ந்த காசு எடையில் சில சதவீதம் இழந்திருக்கும், அது இயல்பு. முடியும் எழுத்தும் கூர்மையாக இருந்து எடை மட்டும் 4, 5 சதவீதம் குறைந்தால் ஏதோ தவறு. அதேபோல, வழவழவென்று தேய்ந்து கிடக்கும் காசு முழு எடை காட்டினாலும் யோசிக்க வேண்டும்: தேய்ந்த நாணயத்தை அச்சாக வைத்து வார்த்தெடுத்தார்களோ?

சந்தேகம் தீரவில்லையென்றால் அடர்த்தியைப் பாருங்கள். ஒரு குவளையில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. காற்றில் எடுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வரும். 90 சதவீதத்தை ஒட்டிய வெள்ளிக்கு அது ஏறத்தாழ 10.3. அதாவது 11.66 கிராம் ரூபாய் சுமார் 1.13 கிராம் காட்ட வேண்டும். எண் சிறியது என்பதால் நூலில் ஒட்டிய ஒரு காற்றுக்குமிழிகூடக் கணக்கைத் தப்பாக்கும். மூன்று முறை செய்யுங்கள். முடிந்ததும் நாணயத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. 1947 ரூபாய் ஒட்டும்; அது போலியல்ல, நிக்கல் காசு.

ஒளியை ஓடவிடுங்கள்

தரம் பார்ப்பதில் பாதி வேலை இங்கேதான். புதிதாக அச்சான வெள்ளியின் மினுமினுப்பும் பாலிஷ் போட்ட பளபளப்பும் ஒன்றல்ல. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை, நடுவிலிருந்து வெளிநோக்கி, மேற்பரப்பு முழுதும் விட்டுச்செல்கிறது. அந்த வரிகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் லஸ்டர். நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால் இரண்டு ஒளிப்பட்டைகள் வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றிவரும். சேகரிப்பாளர்கள் இதைக் கார்ட்வீல் என்கிறார்கள்.

விளக்குக்குக் கீழே நாணயத்தை ஏறத்தாழ 45 பாகை சாய்த்துப் பிடியுங்கள். பட்டை தெரியும் வரை சாய்வை மெதுவாக மாற்றிக்கொண்டே வாருங்கள். தெரிந்ததும் சாய்வை மாற்றாமல் நாணயத்தைச் சக்கரம்போலச் சுழற்றுங்கள். இப்போது உருவத்தையோ எழுத்தையோ பார்க்காதீர்கள். பட்டையை மட்டும் கண்ணால் தொடருங்கள். தளத்தில், அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில், ஓடிவரும் பட்டை கன்னத்தின் மேல் ஏறும்போது அறுபடுகிறதா? கன்னமும் தளமும் ஒரே மாதிரி ஒளிர்ந்து, பட்டை தடையின்றிக் கடந்து போனால் அங்கே உலோகம் போகவில்லை. கன்னத்துக்கு வந்ததும் பட்டை அணைந்து, அந்த இடம் மட்டும் மந்தமான சாம்பல் நிறத்தில் நின்றால், அது உரசல். அந்த ஒரு சாம்பல் திட்டுதான் புழக்கத்துக்குப் போகாத காசையும் லேசாகப் புழங்கிய காசையும் பிரிக்கும் கோடு.

தேய்மானம் முற்ற முற்ற லஸ்டர் ஓர் ஒழுங்கில் பின்வாங்கும். முதலில் உயர்ந்த முனைகளில் போகும். அடுத்து, திறந்த தளத்தின் நடுப்பகுதியில் போகும். கடைசியாக அது ஒளிந்துகொள்ளும் இடங்கள் எழுத்துகளின் இடுக்கு, விளிம்பை ஒட்டிய பள்ளம், முடிச்சுருளின் உட்குழிவு. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாலே காசு எந்தப் படியில் நிற்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உயர்ந்த இடங்களைக் கண்டுபிடித்தல்

நாணயத்தைக் கண் மட்டத்தில், தட்டுபோலப் படுக்கையாகப் பிடித்து ஓரத்திலிருந்து பாருங்கள். எது மேலே துருத்தி நிற்கிறதோ அதுதான் முதலில் தேயும். எந்த நாட்டுக் காசானாலும், முன்பின் பார்த்திராத வடிவமானாலும், இந்த ஒரு பார்வை போதும்.

விக்டோரியா ரூபாயில் கன்னம், காதை ஒட்டிய முடி, கிரீடத்தின் வளைவு, மேலாடையின் பூவேலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏழாம் எட்வர்டு ரூபாயில் தலையில் கிரீடம் இல்லை. காதுக்கு மேல் உள்ள முடி, புருவம், தாடி ஆகியவை முதலில் மழுங்கும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தையும் மேலங்கியையும் பாருங்கள். அந்த மேலங்கியில் உள்ள சிறிய யானைதான் 1911-ல் பன்றிபோலத் தெரிகிறது என்ற எதிர்ப்பைக் கிளப்பி, 1912-ல் திருத்தப்பட்டது. யானையின் உடல்கோடு தெளிவாக இருக்கிறதா, வெறும் மேடாகிவிட்டதா என்பது நல்ல அளவுகோல்.

அமெரிக்காவின் பார்பர் நாணயங்களில், 1892 முதல் 1916 வரையிலானவை, தலைப்பட்டையில் சிறிய எழுத்தில் லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல் இருக்கும். அதன் ஏழு எழுத்தும் படிக்க முடிந்தால் ஃபைன் என்ற தரம். மூன்று எழுத்து அளவுக்குத் தெரிந்தால் அதற்குக் கீழ்ப்படியான வெரி குட். எண்ணிப் பார்த்தே தரம் சொல்லிவிடலாம், புதியவர் கண் பழக இதைவிட நல்ல நாணயம் கிடைக்காது. ஸ்டாண்டிங் லிபர்ட்டி கால் டாலரில் ஆண்டு எண்ணே உயர்ந்த இடத்தில் இருந்ததால் உருவத்துக்கு முன்பே அது அழிந்தது. 1925-ல் அந்த இடத்தைப் பள்ளமாக்கினார்கள். அதனால் ஆண்டு அழிந்திருப்பதை மட்டும் வைத்து மற்ற இடங்களும் அவ்வளவு தேய்ந்திருக்கும் என்று எண்ணக் கூடாது.

தேய்ந்ததா, அச்சே விழவில்லையா?

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நியூ ஆர்லியன்ஸ் அச்சகத்தில் அடித்த மார்கன் டாலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் கழுகுக்குக் கீழே ஓ (O) என்ற சிறு ஆங்கில எழுத்து இருக்கும். முன்பக்கத்தில் காதுக்கு மேலே முடி வரிவரியாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே தட்டையாக, களிமண்ணை விரலால் அழுத்தியதுபோல இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் கழுகின் மார்பிலும் இறகு இல்லை. பார்த்தவுடன் வெரி ஃபைன், அதாவது ஓரளவு புழங்கித் தேய்ந்த காசு, என்று சொல்லத் தோன்றும்.

காதும் கழுகின் மார்பும் நாணயத்தின் இரு பக்கத்திலும் நேரெதிரே அமைந்தவை. அச்சு அழுத்தும்போது அந்த ஒரே இடத்து உலோகம் மேலேயும் போய்க் குழியை நிரப்ப வேண்டும், கீழேயும் போய் நிரப்ப வேண்டும். அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலோ இரண்டு அச்சுக்கும் இடையே இடைவெளி சற்றுக் கூடினாலோ, உலோகம் இரண்டு குழியையும் எட்டாது. அதனால்தான் இரு பக்கமும் ஒரே இடத்தில் தட்டையாகிறது. அந்த அச்சகத்தின் பல ஆண்டு டாலர்கள் இதற்குப் பெயர்போனவை.

இப்போது அந்தத் தட்டையான இடத்தை விளக்கில் சுழற்றுங்கள். ஒளிப்பட்டை அதன்மேல் தடையின்றி ஓடுகிறதா? ஓடினால் அங்கே யாருடைய விரலும் பையும் உரசவில்லை. உலோகம் அங்கே வந்து சேரவே இல்லை. அடுத்து, 5 மடங்குக் கண்ணாடியில் அதே இடத்தைப் பாருங்கள். அச்சாகும் முன் வெறும் வில்லையில் இருந்த சொரசொரப்பு, சிறு சிறு பொத்தல்கள், அழுத்தம் எட்டாத இடத்தில் அப்படியே மிஞ்சியிருக்கும். தேய்ந்த இடத்தில் அவை இருக்காது. வழவழப்பும் சாம்பல் நிறமும்தான் இருக்கும். பிறகு மற்ற உயர்ந்த இடங்களோடு ஒப்பிடுங்கள். தேய்மானம் ஓர் இடத்தை மட்டும் தேடிப்போய்த் தேய்க்காது. காதுமுடி வெரி ஃபைன் அளவுக்குப் போயிருந்தால் கன்னமும் நெற்றி முடியும் அதற்கேற்பப் போயிருக்க வேண்டும். அவை கூர்மையாக இருந்து நடு மட்டும் தட்டை என்றால் குறை அச்சில்.

பலவீனமான அச்சுக்காக அந்தக் காசைப் புழங்கியது என்று சொல்லக் கூடாது. அதற்காக அது முதல்தரமும் ஆகாது. "அன்சர்குலேட்டட், நடுவில் பலவீனமான அச்சு" என்று எழுதினால் இரண்டுமே சொல்லியாயிற்று; அன்சர்குலேட்டட் என்றால் புழக்கத்துக்குப் போகாதது.

அச்சே தேய்ந்துபோய் அடித்த காசும் உண்டு. அதில் எழுத்துகள் விளிம்பை நோக்கி இழுபட்டு அகன்றிருக்கும், தளம் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும், ஆனால் லஸ்டர் இருக்கும். அச்சின் குழியில் மசகும் தூசியும் அடைத்துக்கொண்டால் ஓர் எழுத்து மட்டும் மங்கி, பக்கத்து எழுத்து கத்திபோல நிற்கும்.

படிகளும் எண்களும்

இன்று பரவலாக இருக்கும் 1 முதல் 70 வரையான எண்முறை, அமெரிக்காவின் பெரிய செம்புச் சென்டுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949-ல் வகுத்தது. 1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. ஆகிய தரச்சான்று நிறுவனங்கள் செயல்படத் தொடங்கிய பிறகு அது எல்லா உலோகத்துக்கும் வழக்கமாயிற்று. எண்கள் சம இடைவெளியில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்: 20-க்கும் 40-க்கும் இடையே உள்ள தூரம் சாதாரணக் கண்ணுக்கே தெரியும், 63-க்கும் 65-க்கும் இடையே உள்ளதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும்.

தலை உருவம் கொண்ட ஒரு நாணயத்தை வைத்துக் கீழிருந்து மேலே போவோம்.

குட், 4: உருவம் வெறும் நிழலுருவம். வெளிக்கோடு முழுதாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எழுத்தைப் படிக்கலாம்; விளிம்பு வளையம் சில இடங்களில் எழுத்தோடு கலந்திருக்கலாம்.

வெரி குட், 8: விளிம்பு முழுமை. முகத்தில் கண், காது இருக்கும் இடம் தெரியும். முடி ஒரே கட்டி.

ஃபைன், 12: முடியின் பெரிய பிரிவுகள் தெரியும், இழைகள் தெரியாது. எல்லா எழுத்தும் தெளிவு. தேய்மானம் சீராகப் பரவியிருக்கும்.

வெரி ஃபைன், 20 முதல் 35 வரை: இந்தப் படி அகலமானது, அதனால்தான் சண்டையும் அதிகம். 20-ல் முடியிழைகளில் ஏறத்தாழப் பாதி; 35-ல் உச்சிகளைத் தவிர மற்றெல்லாம் இருக்கும். லஸ்டர் கிடையாது, இருந்தால் எழுத்திடுக்கில் மட்டும்.

எக்ஸ்ட்ரா ஃபைன், 40, 45: ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் உச்சியில் தட்டையாகியிருக்கும். பள்ளங்களில் லஸ்டர் நின்றிருக்கும்.

அபவுட் அன்சர்குலேட்டட், 50 முதல் 58 வரை: உருவத்தில் குறை தேடினாலும் கிடைக்காது, உச்சிகளில் நிறமாற்றம் மட்டும். 50-ல் தளத்தின் லஸ்டர் ஏறத்தாழப் பாதி, 58-ல் கிட்டத்தட்ட முழுதும்.

அன்சர்குலேட்டட், 60 முதல் 70 வரை: தேய்மானம் எங்கும் இல்லை. இங்கிருந்து கேள்வி மாறிவிடுகிறது. பை உரசல் (பையில் காசோடு காசு மோதிய தழும்பு) எத்தனை, எந்த இடத்தில், அச்சு எவ்வளவு கூர்மை, லஸ்டர் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை வைத்தே எண். ஆகவே தழும்பு நிறைந்த 60-ஐவிட, லேசாக உரசிய 58 கண்ணுக்கு அழகாக இருப்பது சாதாரணம். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை; இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில் ஒரே எண்வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் வழக்கில் எண் இல்லாமல் ஃபைன், வெரி ஃபைன் என்ற சொற்களே புழங்குகின்றன. அந்த அளவுகோல் பல சமயம் அமெரிக்க வழக்கைவிட ஒரு படி கடுமையானது. யாராவது எக்ஸ்ட்ரா ஃபைன் என்றால் எந்த வழக்கில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடா, பள்ளமா?

கோடு ஒன்றைக் கண்டால் உடனே கீறல் என்று எழுதிவிடாதீர்கள். நாணயத்தின் மேல் கோடு மேடாக இருந்தால் அது அச்சில் இருந்த பிளவு அல்லது அச்சை மெருகேற்றிய வரி. அச்சகத்திலிருந்தே வந்தது, சேதமல்ல. பள்ளமாக இருந்தால் பின்னால் பட்ட கீறல். மேடா பள்ளமா என்று தெரியவில்லையென்றால் விளக்கை எதிர்ப்பக்கம் மாற்றி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் உள்ள எழுத்து நிச்சயமாக மேடு. அதன் நிழலும் கோட்டின் நிழலும் ஒரே பக்கம் விழுந்தால் கோடும் மேடுதான்.

கீறல் எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு நீளம் என்பதைவிட முக்கியம். முடிச்சுருளுக்குள் இருக்கும் அடி மறைந்துபோகும். கன்னத்தின் நடுவில் உள்ள சிறு வெட்டு முதல் பார்வையிலேயே கண்ணை இழுக்கும். கன்னத்தின் குறுக்கே மெல்லிய இணைகோடுகள் மட்டும் இருந்தால், பழைய ஆல்பத்தின் பிளாஸ்டிக் பட்டையை இழுத்து இழுத்து மூடியதால் வந்திருக்கலாம்.

இயந்திர அச்சுக்கு முந்திய காலத்துக் காசுகளில் அரம் ராவிய இணைகோடுகள் இருக்கும். எடை கூடிய வில்லையை அச்சடிக்கும் முன் ராவிச் சரிசெய்த தடம் அது. அதன் மேலே அச்சு விழுந்திருப்பதால் உயர்ந்த இடங்களில் கோடு நசுங்கி மங்கியிருக்கும்; பின்னால் போட்ட கீறல் எல்லாவற்றின் மேலும் வெட்டிக்கொண்டு போகும். சராபுகள் (காசு மாற்றும் வணிகர்கள்) வெள்ளியைச் சோதிக்கக் குத்திய முத்திரைகளைத் தனியாகக் குறித்துவிடுங்கள். தரத்தோடு கலக்க வேண்டாம்.

ஓரத்தைப் பார்க்காமல் எந்த நாணயத்தையும் கீழே வைக்காதீர்கள். ஓரத்தின் வரிப்பற்களை ஒரு சுற்று முழுதும் பாருங்கள். தலை உச்சிக்கு நேரே ஓரிடத்தில் பற்கள் மழுங்கி, உலோக நிறம் மாறி இருந்தால் அங்கே வளையம் பற்றவைத்திருந்தார்கள். ஓட்டையை அடைத்த காசில், இரு பக்கமும் ஒரே இடத்தில் மெல்லிய வட்டக்கோடு தெரியும்; அந்த வட்டத்துக்குள் லஸ்டர் ஓடாது. சுற்றிலும் மெல்லிய தையல்கோடு போன்ற தடம் இருந்தால் அது வார்ப்புப் போலி.

கழுவிய நாணயம்

மிக அதிகமான நல்ல வெள்ளி நாணயங்களைக் கெடுத்தது புழக்கம் அல்ல, அன்போடு செய்த சுத்தம். பற்பசை, சமையல் சோடா, பாலிஷ் துணி எல்லாமே அரைக்கும் பொருள்கள். ஒருமுறை தேய்த்தால் மேலே சொன்ன ஓட்டவரிகள் அறுந்துபோகும். அவற்றைத் திரும்ப உண்டாக்க வழியே இல்லை.

கண்டுபிடிக்க, விளக்குக்குக் கீழே சுழற்றுங்கள். ஒரே திசையில் அல்லது வட்டமாக ஓடும் மயிரிழைக் கோடுகள் ஏதோ ஒரு கோணத்தில் சட்டென்று கூட்டமாக மின்னி மறையும். இயல்பான புழக்கத்தில் வரும் கோடுகள் எல்லாத் திசையிலும் சிதறியிருக்கும். இன்னொரு அடையாளம்: ஃபைன் அளவுக்குத் தேய்ந்த காசு வெள்ளைவெளேரென்று இருந்து, எழுத்து இடுக்கில் மட்டும் கறுப்பு அடைத்திருக்கும். அவ்வளவு தேய்ந்த வெள்ளி தானாக வெளுப்பாக இருக்காது. கம்பித் தூரிகை இயந்திரத்தால் மெருகேற்றியது இன்னும் மோசம். அதில் தளம் போலியாகப் பளபளக்கும். உலோகம் தள்ளப்பட்டு எழுத்துகளின் ஒரு பக்கத்தில் குவிந்திருப்பதைக் கண்ணாடியில் காணலாம்.

கறுப்பைக் கரைக்கும் அமிலக் கரைசலில் முக்குவதும் கழுவுவதுதான். கறுப்பு என்பது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த வெள்ளி சல்ஃபைடு. அதைக் கரைக்கும்போது அதில் சேர்ந்திருந்த வெள்ளியும் போகிறது. ஒருமுறை முக்கினால் தெரியாமல் போகலாம். பலமுறை முக்கிய காசில் கீறல் ஒன்றும் இருக்காது, ஆனால் ஒளிப்பட்டை ஓடாது; வெளுப்பு மட்டும் சுண்ணாம்புபோல நிற்கும்.

நிறம் ஏறியது எல்லாம் குறையும் அல்ல. சல்ஃபைடு படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி மாறுபட்டு, முதலில் இளமஞ்சள், பிறகு செம்பழுப்பு, கருஞ்சிவப்பு, நீலம் என்று நிறங்கள் வரிசையாக வரும், கடைசியில் கறுப்பு. இயல்பான நிறமாற்றத்தில் இந்த வரிசை ஒன்றிலிருந்து ஒன்றாக மெல்ல மாறும், அடியில் லஸ்டரும் ஓடும். வரிசையே இல்லாமல் ஊதாவும் நீலமும் திட்டுத்திட்டாக மிதந்தால், அதன் அடியில் மயிரிழைக் கோடுகளும் தெரிந்தால், கழுவியதை மறைக்க ஏற்றிய நிறம். கனத்த நிறம் உச்சிகளின் உரசலையும் மறைக்கும். அங்கே சாய்த்துப் பார்க்காமல் 60-க்கு மேல் எண் போடாதீர்கள்.

செய்யக் கூடிய ஒரே சுத்தம் தூய அசிட்டோன். பச்சையாக, பிசுபிசுப்பாகப் படிந்திருந்தால் அது பி.வி.சி. உறைகளிலிருந்து கசிந்தது, விட்டுவைத்தால் வெள்ளியை அரிக்கும். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் அசிட்டோன் ஊற்றி, முதல் கிண்ணத்தில் ஐந்து நிமிடம், இரண்டாவதில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள். தேய்க்கக் கூடாது, பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேறு, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும்; ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். அது எண்ணெயையும் பிசினையும் கரைக்கும், கறுப்பைத் தொடாது.

எழுதிவைப்பது

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனியாகத் தரம் எழுதுங்கள். மொத்தத் தரம் தாழ்ந்த பக்கத்தை ஒட்டியே நிற்கும், முன்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் எடை உண்டு. உறையில் ஏற்கெனவே யாராவது தரம் எழுதியிருந்தால் பார்ப்பதற்கு முன் அதை மறைத்துவிடுங்கள். படித்துவிட்டால் கண் அதற்கே ஒத்து ஊதும். சேதமோ சுத்தமோ இருந்தால் எண்ணைக் குறைத்து ஈடுகட்டாமல், உருவத்துக்கு என்ன தரமோ அதை எழுதிப் பக்கத்தில் குறையையும் எழுதுங்கள்.

பழகுவதற்கு ஒரே வகைச் சாதாரணக் காசு ஐந்தாறு, குட் முதல் அன்சர்குலேட்டட் வரை, வரிசையாக வைத்துக்கொள்வது எந்தப் படத்தொகுப்பையும்விட நன்மை தரும். அவற்றைக் கலைத்துப்போட்டுத் தரம் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வந்த காசை மட்டும் எடுத்து, எந்தக் கேள்வியில் பிசகியது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது அச்சா தேய்மானமா என்பதாகவே இருக்கும்.

ஒரு குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

விக்டோரியா எம்பிரஸ் ரூபாய். 11.52 கிராம். காந்தத்தில் ஒட்டவில்லை. முன்பக்கம்: கன்னம் தட்டை, காதருகே முடி பாதி பிரிந்து தெரிகிறது, மேலாடைப் பூவேலை மூன்றில் இரண்டு பங்கு. பின்பக்கம்: பூவளையத்தின் இதழ்கள் பிரிந்து தெரிகின்றன. லஸ்டர் எழுத்திடுக்கில் மட்டும், இரு பக்கமும். சாம்பல் நிறம் சீராக உள்ளது, கழுவிய அடையாளம் இல்லை. ஓரம் முழுச் சுற்று பார்த்தது. விளிம்பில் 4 மணி இடத்தில் சிறு அடி. முன்பக்கம் வெரி ஃபைன் 25, பின்பக்கம் 30. மொத்தம் 25.